ஓயாத பல்லும் ஓயாத வயிறும்: கினிப்பன்றி வளர்ப்பு

சிறு பிராணிகளை வீட்டில் வளர்க்க விரும்புகிறவர்கள் கடைக்காரரிடம் முதலில் விசாரிப்பவை கூண்டின் விலை, பிராணியின் நிறம், அது கடிக்குமா கடிக்காதா என்னும் மூன்று விஷயங்களே. கினிப்பன்றியைப் பொறுத்தவரை இம்மூன்றும் அற்பமானவை. ஏனெனில் கூண்டுக்கு ஒருமுறை கொடுக்கும் பணம், ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை நீளக்கூடிய அதன் ஆயுளில் அன்றாடம் தேடவேண்டிய புல்லுக்கும் காய்க்கும் ஆகும் செலவின் முன் ஒன்றுமில்லை. நிறம் எதுவாயினும் சுபாவத்தில் பேதமில்லை. கடிப்பதோ மிக அபூர்வம். விசாரிக்க வேண்டியது, இரவும் பகலும் எதையாவது மென்றுகொண்டும் ஜீரணித்துக்கொண்டும் இருந்தால்தான் உயிர் தரிக்கும் ஒரு ஜீவனுக்கு நம் வீட்டின் நடைமுறை இடங்கொடுக்குமா என்பதைத்தான். ஆகாரம், உஷ்ணம், இருப்பிடம், வியாதி என்று இந்த அத்தியாயத்தில் பலவற்றைப் பற்றிச் சொல்ல நேர்ந்தாலும், அவற்றில் பெரும்பாலானவை இந்த ஒரு நியதியிலிருந்து கிளைத்தவையே.

இப்பிராணியின் பூர்வீகம் தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைத்தொடர். இன்றைய பெரு, பொலிவியா, ஈக்வடார் ஆகிய நாடுகளில், ஸ்பானியர் அங்கே கால் வைப்பதற்குச் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே மலைவாசிகள் இதை மாமிசத்துக்காகவும் சடங்குகளுக்காகவும் வீட்டில் வளர்த்து வந்தார்கள். இன்றும் அங்கே பல வீடுகளில் அடுப்பங்கரைத் தரையில் கூட்டமாக ஓடித் திரிந்து, புல்லையும் காய்கறித் தோலையும் தின்று வளர்கின்றன. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியக் கப்பல்களில் ஐரோப்பாவுக்குப் போன பிறகுதான் அது செல்லப்பிராணி என்ற பதவியை அடைந்தது. இந்தச் சரித்திரத்திலிருந்து வளர்ப்பவர் கிரகித்துக்கொள்ள வேண்டியவை மூன்று: அது குளிர்ந்த மலைநாட்டு வம்சம், அது கூட்டமாக வாழப் பிறந்தது, கழுகுக்கும் நரிக்கும் இரையாகி வந்த ஜாதியாகையால், தேகத்தில் எந்த உபத்திரவம் வந்தாலும் அதைக் கடைசி வரையில் மறைத்துக்கொள்ளும் இயல்புடையது. நம் ஊரில் இவை அகால மரணமடைவதற்குரிய காரணங்களை ஆராய்ந்தால், அநேகமாக இம்மூன்றில் ஒன்றை யாரோ மறந்திருப்பது தெரியவரும்.

ஆகாரத்தை எடுத்துக்கொள்வோம். கினிப்பன்றிக்கு இருபது பற்கள். முன்பல், கடைவாய்ப்பல் என்ற வித்தியாசமில்லாமல் இருபதும் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. நார் மிகுந்த புல்லைப் பக்கவாட்டில் அரைத்து மெல்லும்போதுதான் அவை தேய்ந்து அளவோடு நிற்கின்றன. மென்மையான உணவையே தின்று பழகினால் கீழ்க் கடைவாய்ப்பற்கள் உட்பக்கமாக வளைந்து வளர்ந்து, நாக்கின் மேல் பாலம்போல் கவிந்து, விழுங்கவே இயலாதபடி செய்துவிடும். வயிற்றின் கதையும் இத்தகையதே. அதன் பெருங்குடலின் தொடக்கத்தில் உள்ள குடற்பையில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்கள்தாம் நாரைப் பக்குவப்படுத்திச் சத்தாக்குகின்றன. மேலிருந்து நார் வந்துகொண்டே இருக்கும் வரையில் குடலும் செக்கு மாடுபோல நில்லாமல் சுற்றும், அது நின்றால் ஒரே நாளில் வாயு நிரம்பி வயிறு உப்பி, பிராணி ஆபத்தான நிலையை அடைந்துவிடும். சில சமயங்களில் அது தன் மலத்தையே குனிந்து எடுத்துத் தின்பதைக் கண்டு அருவருப்படைகிறவர்கள் உண்டு. முதன்முறையில் கிரகிக்கப்படாத சத்தை இரண்டாம் முறை பெறுவதற்காக இயற்கை வகுத்த உபாயம் அது. அதைத் தடுக்கக் கூடாது.

ஆகையால் காய்ந்த புல் இப்பிராணிக்குப் பிரதான உணவு, மற்றவையெல்லாம் தொடுகறி. தின்னும் மொத்த ஆகாரத்தில் ஐந்தில் நான்கு பங்கு புல்லாக இருக்கவேண்டும், அதன் தேகத்தின் பருமனளவு புல் எப்போதும் கூண்டில் கிடக்கவேண்டும். பெரிய நகரங்களில் டிமோத்தி என்ற அயல்நாட்டுக் காய்புல் பொட்டலங்களாகக் கிடைக்கிறது. நல்லதுதான், விலைதான் கையைக் கடிக்கும். நம் வயல் வரப்பிலும் தோட்டத்திலும் தானாக முளைக்கும் அருகம்புல்லையே மேல்நாட்டார் சிலர் பயிரிட்டுக் காயவைத்துக் கால்நடைக்குப் போடுகிறார்கள் என்பதை அறிந்தால், டிமோத்தி கிடைக்காத ஊர்க்காரர்கள் கவலைப்படத் தேவையில்லை என்பது விளங்கும். கொழுக்கட்டைப் புல்லும் உதவும். எந்தப் புல்லாயினும் பூச்சிமருந்து அடித்த வயலோரத்திலும், வண்டிப் புகை படியும் சாலையோரத்திலும், தெருநாய்கள் நடமாடும் இடத்திலும் அறுக்கலாகாது. அலசி, நிழலில் உலர்த்தி, பூஞ்சை வாடை வந்த கட்டைத் தயங்காமல் எறிந்துவிட வேண்டும். பச்சையாகப் போடுவதானால் முதல் வாரம் ஒரு பிடி, அடுத்த வாரம் இரண்டு பிடி என்று பழக்கவேண்டும். வைக்கோல் மலிவு என்பதற்காக அதையே ஆகாரமாக்கிவிடுவது தவறு; அதில் சத்து சொற்பம், தாளின் முனை கண்ணில் குத்திப் புண்ணாக்குவதும் உண்டு. கறவை மாட்டுக்குப் போடும் குதிரைமசால் சத்து மிகுந்தது, ஆனால் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து வளர்ந்த கினிப்பன்றியின் சிறுநீர்ப்பையில் கல்லாகப் படியக்கூடும். ஆறு மாதம் நிரம்பாத குட்டிக்கும் சினையாயிருக்கும் தாய்க்கும் மட்டுமே அது உசிதம்.

இனி, இப்பிராணிக்கும் மனிதனுக்கும் பொதுவான ஒரு குறையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். நாயும் பூனையும் எலியும் முயலும் உயிர்ச்சத்து 'சி'யைத் தம் தேகத்திலேயே உற்பத்தி செய்துகொள்கின்றன; மனிதனாலும் கினிப்பன்றியாலும் அது இயலாது. 1907இல் நார்வே தேசத்து ஆக்ஸல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் என்ற இருவர், கப்பலோட்டிகளைப் பீடித்த பெரிபெரி நோயை ஆராயும் நோக்கத்துடன் கினிப்பன்றிகளுக்கு வெறும் தானியத்தையே கொடுத்து வந்தபோது, எதிர்பார்த்த நோய் வராமல் ஈறு வீங்கி இரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் வந்தது. முட்டைக்கோஸும் எலுமிச்சைச் சாறும் கொடுத்தபோது அது விலகியது. அந்தக் குணம் எந்தப் பொருளால் விளைகிறது என்று தேடிய ஆராய்ச்சியும் 1930களின் தொடக்கத்தில் இதே பிராணியைக் கொண்டே நிறைவேறியது. அதில் முன்னின்றவர்களில் ஒருவரான ஹங்கேரிய விஞ்ஞானி ஆல்பர்ட் ஜென்ட்-ஜியார்ஜி 1937இல் நோபல் பரிசு பெற்றார். நம் சுகாதார ஞானத்துக்கு இவ்வளவு உபகாரம் செய்த ஜீவன், நம் வீட்டில் அதே சத்தின் குறைவால் மூட்டு வீங்கி நொண்டுவது பரிதாபமல்லவா?

ஒரு கிலோ எடையுள்ள கினிப்பன்றிக்கு நாளொன்றுக்குப் பத்து முதல் முப்பது மில்லிகிராம் 'சி' தேவை. சினைக்காலத்தில் அதிகம் வேண்டும். நடுத்தரக் குடைமிளகாயில் கால் பங்கை நறுக்கி வைத்தால் அன்றைய தேவை ஏறக்குறைய தீர்ந்துவிடும். அதனுடன் ஒரு கொத்து கொத்தமல்லி சேர்ந்தால் நிறைவு. நெல்லிக்காயில் இச்சத்து அபரிமிதம் என்பதை நம்மவர் அனைவரும் அறிவர். ஆயினும் அந்தப் புளிப்பைத் தினமும் ஒரு சிறு வாயில் திணிக்கப் பிரயாசைப்படுவதைவிட, அது தானே ஓடிவந்து தின்னும் குடைமிளகாயை வைப்பது இருவருக்கும் சௌகரியம். கொய்யா ஒரு சிறு துண்டு, வாரத்தில் ஒரு நாளோ இரு நாளோ போதும், சர்க்கரை அதிகமாகையால். மருந்துக்கடையில் விற்கும் 'சி' சொட்டுமருந்தைக் குடிநீரில் கலப்பது வீண்; வெளிச்சத்திலும் நீரிலும் அச்சத்து விரைவில் கெடும், தண்ணீரின் ருசி மாறியதால் பிராணி குடிப்பதையே குறைத்துக்கொள்ளும். குச்சித் தீவனம் வாங்குவோர் தயாரித்த தேதியைப் பார்த்து வாங்கவேண்டும், ஏனெனில் தயாரித்து மூன்று மாதம் கடந்தால் அதிலுள்ள 'சி'யை நம்புவதற்கில்லை. முயலுக்கென்று விற்கும் தீவனத்தில் அது சேர்க்கப்படுவதே இல்லை. இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லி விற்கும் கடைக்காரரின் வார்த்தையை ஏற்கவேண்டாம்.

காய்கறி மீதமெல்லாம் இதற்குப் போகலாம் என்று நினைக்கும் வீடுகளில் சில தடைகளைச் சமையலறைச் சுவரிலேயே எழுதி ஒட்டிவைப்பது நல்லது. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, அதன் முளை, தோல் ஆகியவை விஷத்துக்குச் சமானம். சோறு, இட்லி, ரொட்டி, பிஸ்கோத்து, பால், தயிர் எதுவும் கூடாது. குழந்தைகள் பிரியத்தோடு நீட்டும் ஒரு துண்டு பிஸ்கோத்தைவிட, அதே கையால் நீட்டும் ஒரு கொத்தமல்லித் தண்டை அது அதிக ஆவலுடன் வாங்கும் என்பதை அவர்களுக்குக் காட்டிக்கொடுத்தால் போதும். பசலை, பாலக் முதலிய கீரைகளில் ஆக்ஸாலிக் அமிலமும் முருங்கைக்கீரையில் சுண்ணாம்புச் சத்தும் மிகுதி; எப்போதாவது நாலு இலை என்ற அளவோடு நிறுத்தவேண்டும். காலையில் காய்கறிக்காரரிடம் வாங்கிவந்த பை சலசலத்தவுடன் கூண்டுக்குள்ளிருந்து எழும்பும் 'வீக், வீக்' என்ற சீழ்க்கையைக் கேட்டவர்கள், இப்பிராணிக்கு ஞாபகசக்தி இல்லையென்று ஒருநாளும் சொல்லமாட்டார்கள்.

அடுத்தது உஷ்ணம், தமிழ்நாட்டில் வளர்ப்பவருக்கு இதுவே பெரும் சோதனை. கினிப்பன்றிக்கு உகந்த வெப்பம் 18 முதல் 24 பாகை செல்ஷியஸ். முப்பதைத் தாண்டினால் அபாயம் தொடங்குகிறது. வியர்த்துக் குளிரும் வசதி அதற்கு இல்லை, நாயைப்போல் இளைத்துக் குளிர்வதும் சரிவரக் கைகூடாது. வேலூரிலும் திருச்சியிலும் சென்னையிலும் சித்திரை, வைகாசியில் வெயில் நாற்பது பாகையைத் தொடும் நாட்களில், மொட்டைமாடியில் தகரக் கூரையின் கீழோ கண்ணாடிச் சன்னலின் ஓரத்திலோ கூண்டை வைப்பது கொலைக்குச் சமம். தரைத்தளத்தில், வடக்குப் பார்த்த, சிவப்பு ஓடோ சிமெண்டோ பாவிய தரையுள்ள அறையே உத்தமம். கவிழ்த்து வாய் வெட்டிய மண்சட்டி ஒன்றைக் குளிர்ந்த நீரில் நனைத்துக் கூண்டினுள் வைத்தால் பகல் முழுதும் அதனுள் ஒடுங்கிக் கிடக்கும். உறையவைத்த தண்ணீர் போத்தலைத் துணியில் சுற்றி ஒரு மூலையில் கிடத்தினால் அதன்மேல் சாய்ந்து படுக்கும். வெட்டிவேர்த் தட்டி உள்நாட்டின் வறண்ட காற்றில் நன்றாகப் பயன்படும். கடற்கரை ஊர்களில் காற்றே ஈரம் சுமந்து வருவதால் அதன் பலன் குறைவு, அங்கே குளிர்சாதன அறையில் இருபத்துநான்கு பாகையில் நேர்க்காற்று படாமல் வைப்பதுதான் நிச்சயமான வழி.

கால்களைப் பரப்பித் தரையோடு ஒட்டிக் கிடந்து, வேகமாக மூச்சுவாங்கி, மோவாயின் கீழ் உமிழ்நீரால் நனைந்திருந்தால் அது வெயில் தாக்கிய அடையாளம். பதறிப்போய்ப் பனிக்கட்டி நீரில் முக்கிவிடுகிறவர்கள் உண்டு. அந்த அதிர்ச்சியே உயிரைக் கொண்டுபோகும். சாதாரணக் குளிர்ச்சியுள்ள நீரில் நனைத்த துணியால் காதுகளையும் பாதங்களையும் துடைத்து, விசிறிக்கொண்டே வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும். இதற்கு மாறாக உதகையிலும் கொடைக்கானலிலும் வளர்ப்பவர்கள் மார்கழிக் குளிருக்காகத் தடித்த படுக்கையும் காற்றுப் புகாத மறைவிடமும் ஏற்பாடு செய்தால் போதும். அந்தச் சீதோஷ்ணம் இப்பிராணிக்குப் பெரும்பாலும் ஒத்ததே.

இருப்பிடத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். இரண்டு பிராணிகளுக்குக் குறைந்தது ஏழரைச் சதுர அடித் தளம் வேண்டும், அதாவது மூன்று அடி நீளம், இரண்டரை அடி அகலம். நீளத்தை நான்கு அடியாக்க முடிந்தால் மிக நன்று. கடைகளில் விற்கும் கூண்டுகளில் பல இதில் பாதிகூட இல்லை. உயரம் முக்கியமில்லை, ஏறுகிற ஜாதியல்ல. கம்பிவலைத் தளம் ஆகாது. உள்ளங்கால் சிவந்து புண்ணாகி, எலும்பு வரை சீழ் பிடிக்கும். மரப்பட்டறைத் தூளில் நுண்துகளும், தேவதாரு, பைன் முதலிய மரங்களின் நெடியும் நுரையீரலைக் கெடுப்பதால், பழைய செய்தித்தாளின்மேல் விரித்த தடித்த பருத்தித் துணியே நம் சௌகரியத்துக்கு ஏற்றது; தினமும் உதறி, இரண்டு மூன்று நாளுக்கொருமுறை துவைத்து வெயிலில் உலர்த்தினால் வீட்டில் வாடையும் வராது. சுழல்சக்கரம் வாங்கிப் போடவேண்டாம், அதன் முதுகெலும்பு அதற்கென்று படைக்கப்பட்டதல்ல.

தனியாக ஒன்றை வளர்ப்பது எளிது என்பது நம் எண்ணம். அதற்கோ அது தண்டனை. சுவிட்சர்லாந்து தேசத்தில் 2008 முதல் கினிப்பன்றியைத் துணையின்றித் தனியே வைத்திருப்பதைச் சட்டமே தடுக்கிறது. இரண்டு பெட்டைகள் சேர்ந்திருப்பது சுலபமான ஏற்பாடு. சிறுவயது முதல் ஒன்றாக வளர்ந்த இரண்டு ஆண்களும் இடம் தாராளமாக இருந்தால் ஒத்துப்போகும். ஆணையும் பெண்ணையும் சேர்த்து வைப்பவர்கள் பின்வரும் உண்மைகளை யோசிக்கக் கடவர்: குட்டி பிறந்து மூன்று வாரத்திலேயே ஆண்குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிக்கவேண்டும், இல்லாவிடில் தாயே மறுபடி சினையாகும், ஈன்ற சில மணி நேரத்துக்குள்ளேயே தாய் அடுத்த சினைக்குத் தயாராகிவிடும், ஏழு மாதம் கடந்த பின் முதல்முறையாகச் சினைப்படும் பெட்டைக்கு இடுப்பெலும்பின் இணைப்பு இறுகிப்போயிருப்பதால் பிரசவமே உயிருக்கு ஆபத்தாகும். ஏறக்குறைய ஒன்பது, பத்து வாரம் வயிற்றில் தங்கி, கண் திறந்து, உரோமம் மூடி, பல்லும் முளைத்தே பிறக்கும் அக்குட்டிகளைக் காண்பது ஆனந்தந்தான். ஆனால் அவற்றை யாரிடம் கொடுப்பது என்ற கேள்விக்கு விடையில்லாதவர் அந்த ஆனந்தத்தை விரும்பக் கூடாது என்பதே என் அபிப்பிராயம். கடைக்காரர் 'இரண்டும் பெட்டை சார்' என்று சொன்னாலும் அதை ஒரு கால்நடை வைத்தியரிடம் காட்டி ஊர்ஜிதம் செய்துகொள்க.

வியாதியை மறைக்கும் பிராணியிடம் வியாதியைக் கண்டுபிடிக்க நமக்கிருக்கும் நம்பகமான கருவி, சமையலறைத் தராசு. வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், ஒரு பிரம்புக் கூடையில் உட்காரவைத்து நிறுத்து, நாட்காட்டியிலேயே எழுதிவைத்தால் போதும். ஐம்பது கிராம் குறைந்தால் கவனமாய் இருக்கவேண்டும், எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வைத்தியரிடம் போகவேண்டும். நிறுக்கும் அந்த வேளையிலேயே, ஒரு கையை மார்பின் கீழும் மறுகையைப் பின்னங்கால்களின் கீழும் கொடுத்துத் தூக்கி, உள்ளங்கால் இளஞ்சிவப்பாக, வழவழப்பாக இருக்கிறதா, கண்ணோரத்திலும் மூக்கோரத்திலும் பொருக்கு இருக்கிறதா, மோவாய் ஈரமாயிருக்கிறதா என்று பார்த்துவிடலாம். முன்காலுக்கு நான்கு, பின்காலுக்கு மூன்று என்று பதினான்கு நகங்கள். வளைந்து திரும்பத் தொடங்கியதும், உள்ளோடும் இரத்தநாளத்தைத் தொடாமல் நுனியை மட்டும் நறுக்கவேண்டும். முந்தின இரவு வைத்த புல் விடியற்காலையில் அப்படியே கிடந்து, புழுக்கையும் குறைந்திருந்தால், மாலை வரை பொறுத்துப் பார்ப்போம் என்று இருந்துவிடலாகாது. நமக்குப் பட்டினி மருந்து. இதற்குப் பட்டினியே நோய்.

இன்னொரு எச்சரிக்கையை அழுத்தமாகவே சொல்லவேண்டியிருக்கிறது. தும்மலோ சளியோ கண்டவுடன் வீட்டிலிருக்கும் அமாக்ஸிஸிலின் மாத்திரையில் கால் பாகத்தைப் பொடித்துக் கொடுப்பது நம்மில் பலருக்குச் சகஜமான கைவைத்தியம். பென்சிலின் இனத்தைச் சேர்ந்த மருந்துகள் வாய்வழியே உட்சென்றால், நாரைச் செரிக்கும் நல்ல நுண்ணுயிர்கள் மடிந்து, நஞ்சு கக்கும் தீய நுண்ணுயிர்கள் பெருகி, சில நாட்களிலேயே கினிப்பன்றி இறந்துவிடும். நாய்க்கும் நமக்கும் உயிர்காக்கும் மருந்து இதற்கு யமன். வேறு இனத்து மருந்துகளை எடையறிந்து அளந்து கொடுக்க வைத்தியருக்குத் தெரியும்.

துணைப்பிராணிகளாக வளர்க்கப்படும் மற்றச் சிறு ஜீவன்களைப் பற்றி ஓரிரு வார்த்தைகள். முயலுக்கும் காய்புல்லே பிரதானம், 'சி'யை நாம் தேடிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அதைக் கினிப்பன்றியுடன் ஒரே கூண்டில் வைக்கலாகாது, முயலின் மூச்சுக்குழாயில் உபத்திரவமின்றித் தங்கியிருக்கும் ஒரு கிருமி கினிப்பன்றிக்கு நிமோனியாவை உண்டாக்கும், முயலின் ஓர் உதையும் அதன் எலும்பை முறிக்கும். 1930இல் சிரியாவின் அலெப்போவில் பிடிபட்ட ஒரு குடும்பத்தின் சந்ததியான ஹாம்ஸ்டரோ தனிமை விரும்பி; இரண்டை ஒன்றாக விட்டால் ஒன்றையொன்று குதறிவிடும், பகலெல்லாம் உறங்கும், ஆயுளும் இரண்டு ஆண்டுதான். வெள்ளெலி புத்திசாலி, கூட்டம் விரும்பும், குழந்தைகளுக்கு இதைவிட நல்ல சிநேகிதன் அரிது என்றாலும் நம் வீட்டுப் பெரியவர்கள் அதன் வாலைக் கண்டு சம்மதிப்பதில்லை. பச்சைக்கிளியையும் நட்சத்திர ஆமையையும் 1972ஆம் ஆண்டு வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. யாரேனும் விற்க வந்தாலும் வாங்குவது குற்றம். 2018ஆம் ஆண்டு விதிகளின்படி செல்லப்பிராணிக் கடைகள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவுபெற்றிருக்க வேண்டும். வாங்கப் போகிறவர் அந்தச் சான்றைக் காட்டும்படி தயங்காமல் கேட்கலாம்.

கூண்டும் புல்லும் ஏற்பாடாகிவிட்டது என்று கிளம்புமுன் ஒரு காரியம் பாக்கியிருக்கிறது. நம் ஊர்களில் மாட்டையும் ஆட்டையும் நாயையும் பார்க்கும் வைத்தியர்கள் பலர் உண்டு; கினிப்பன்றிக்குச் சிகிச்சை செய்து பழகியவர்கள் சிலரே. சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியிலும், அதுபோன்ற கல்லூரிகளோடு இணைந்த மருத்துவமனைகளிலும் விசாரித்தால், உங்கள் ஊருக்கு அருகில் அப்படிப்பட்டவர் யார் என்பது தெரியக்கூடும். இரண்டு மணி நேரப் பிரயாணத்துக்குள் ஒருவரும் இல்லையென்றால் கினிப்பன்றியை வாங்கவேண்டாம்.